கடவுச்சொல்லில் என் பாதி

எங்கள் பரிசோதனைக் கூடத்தின் சர்வருக்குத் தொடக்கக் கடவுச்சொல் போட வேண்டும் என்று தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். இயந்திரத்தை யாராவது தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ வைத்து மின்சாரம் கொடுத்தாலும் அது கண் விழிக்கக் கூடாது. முதலில் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டும். அதற்குள் இருப்பவை ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தமும் சதைத் துணுக்கும் சொன்ன முடிவுகள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் கடைசி வரி என்னை உறுத்தியது. முழுக் கடவுச்சொல்லும் எந்த ஒருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாதாம்.

அதனால் முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி கூடத்தின் தலைமை டாக்டரம்மாவுக்கு என்று முடிவாயிற்று. எதையும் எழுதி வைக்கக் கூடாது என்பது பத்து வருடமாக நான் எல்லோரையும் படுத்தி எடுக்கும் விதி. திரைகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைக் கிழித்துக் கிழித்தே எனக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வந்தது. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே ‘பூட்டு சார்’ என்பார்.

வியாழக்கிழமை மதியம் இருவரும் சர்வர் அறைக்குப் போனோம். அறை என்று சொல்வது மரியாதைக்கு. பழைய மருந்து அலமாரி இருந்த இடம் அது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாக நிற்பது குளிர்சாதனத்தின் இரைச்சல்தான். அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். நான் என் பாதியை அடித்தபோது அவர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் அடித்தபோது நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவருடைய பாதி முழுக்க எண்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும், அதை அவரே சொல்லியிருந்தார். ஒற்றை விரலால், ஒவ்வொரு விசையையும் தேடிக் கண்டுபிடித்து அடிப்பார். ஆறு தட்டல்கள் கேட்டன. சோதிப்பதற்காக இயந்திரத்தை அணைத்து மறுபடி இயக்கி, அதே மாதிரி அடித்தோம். ஏற்றுக்கொண்டது. இந்த வயதில் ஒரு ஆம்பளையை நம்பி ரகசியத்தில் பாதி கொடுத்திருக்கிறேன் என்று தன் கணவரிடம் சொல்லப்போவதாகச் சிரித்துக்கொண்டே போனார்.

நான் சிரிக்கவில்லை. என் பாதி ஒன்பது எழுத்துகள். நானும் அண்ணனும் சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயரும், அதற்கு அண்ணன் வைத்த பட்டமும். இப்படிச் சொந்த வாழ்க்கையிலிருந்து சொல் எடுக்கக் கூடாது என்று வகுப்பெடுப்பவன் நான். ஆனாலும் எனக்கு மறக்கவே முடியாத ஒன்று வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி தொடங்கியது. ஒரு நாள் அலுவலகச் சாவியை வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தார். பிறகு தெருவைத் தவறவிட்டார், பிறகு வார்த்தைகளை. இப்போது நான் போனால் எழுந்து நின்று, உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார். எனக்கு வரும் மாதம் ஐம்பத்திரண்டு முடிகிறது.

ஒருமுறை அண்ணியிடம் கேட்டேன், முதல் முதலில் எப்படித் தெரிந்தது என்று. அண்ணி கையிலிருந்த துணியை மடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

“சாவியை மாத்தி எடுத்ததெல்லாம் பெருசில்லப்பா. அது எல்லாரும் பண்றதுதான். செஞ்சதையே செய்யலேன்னு அடிச்சுச் சொன்னாரு பாரு, சண்டை போட்டாரு பாரு, அன்னிக்குதான் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சர்வரில் எந்த மாற்றம் செய்தாலும் நாள், நேரம், என்ன மாற்றம், என்ன காரணம் என்று நான்கு பத்தியில் எழுதி, நானும் டாக்டரம்மாவும் கையெழுத்துப் போடுவோம். அலுவலக ஒழுங்கு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

சனிக்கிழமை காலை மின்சார வேலைக்காகக் கட்டடம் முழுவதையும் ஒரு மணி நேரம் அணைத்தார்கள். ஒன்பதரைக்கு மின்சாரம் வந்தது. சர்வரின் விசிறிகள் சுழன்றன. கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்தது. நான் அடித்துவிட்டு நகர்ந்தேன். டாக்டரம்மா அடித்து என்டரைத் தட்டினார். தவறு என்றது.

சரி, எங்கேயோ விரல் பிசகியிருக்கும் என்று இரண்டாவது முறை நிதானமாக அடித்தோம். மறுபடியும் தவறு. கீழே ஒரு வரி வந்தது: இன்னும் ஒரு முயற்சி மட்டுமே. அதுவும் தவறினால் இயந்திரம் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் விற்றவர்களின் பொறியாளர் வந்து பெட்டியைப் பிரித்தால்தான் உண்டு. அவர் திங்கட்கிழமைக்கு முன்னால் வர மாட்டார்.

வெளியே முடிவுகளுக்காக ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அறுவைக் கூடத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டதாக வரவேற்பில் இருக்கும் பெண் கதவருகில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவசரமானவற்றைக் கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லி டாக்டரம்மா அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, தன்னுடைய ஆறு எண்களும் சரிதான், அது தன் மகளின் பிறந்த நாள், அதை மறந்தால் மகள் வீட்டில் சேர்க்க மாட்டாள் என்றார். சொன்ன பிறகுதான் ரகசியத்தைச் சொல்லிவிட்டது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்படியானால் தப்பு என் பாதியில்.

நாயின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது சரியென்று சொல்வது யார்? அதே மனசுதானே. பட்டம் முன்னால் வருமா, பெயர் முன்னால் வருமா? வியாழக்கிழமை எப்படி அடித்தேன்? விரல்களை மேசையின் ஓரத்தில் வைத்து அசைத்துப் பார்த்தேன். ஒரு தரம் பெயர் முன்னால் வந்தது. யோசித்துவிட்டு மறுபடி அசைத்தபோது பட்டம் முன்னால் வந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது.

கடைசியில் அவரைப் பார்க்காமல், என் பாதி எனக்குச் சரியாக நினைவில்லை என்றேன். அவர், மூன்றாவது முறையை எப்படியும் அடிக்கத்தானே வேண்டும், எது முதலில் மனதில் வந்ததோ அதை அடியுங்கள் என்றார்.

பெயரை முன்னால் வைத்து அடித்தேன். என்டரைத் தொடவில்லை. திரையில் ஒன்பது நட்சத்திரங்கள். எண்ணிக்கையாவது சரி. வழக்கப்படி சுவர் பக்கம் திரும்பப் போனவன் நின்றேன்.

“டாக்டர், உங்க கையைப் பார்க்க மாட்டேன். திரையை மட்டும் பார்க்கறேன். அடிச்சுட்டு விரலை எடுத்துடுங்க, என்டர் வேணாம்.”

அவர் விசைப்பலகையைக் குனிந்து பார்த்து அடிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு தட்டல்கள் கேட்டன. திரையில் ஒன்பது நட்சத்திரங்கள்தான் இருந்தன. பத்தாவது வரவே இல்லை.

அவர் கை விசைப்பலகையின் வலது கோடியில் இருந்தது. அங்கே கால்குலேட்டர் மாதிரி தனியாக இருக்கும் எண் கட்டத்தில்தான் அவர் அடித்திருக்கிறார். அதற்கு மேலே எரிய வேண்டிய சின்னப் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அது அணைந்திருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன அடித்தாலும் எண் விழாது. அவர் விசைகளை மட்டுமே பார்ப்பவர், நான் சுவரை மட்டுமே பார்த்தவன். விழாத எண்களை இரண்டு முறையும் இருவருமே பார்க்கவில்லை.

அந்தக் கட்டத்துக்கு உயிர் கொடுக்கும் எண் விசையைத் (நம் லாக்) தட்டினேன். பச்சை எரிந்தது. அவர் திரும்ப அடித்தார், நட்சத்திரங்கள் பதினைந்தாயின. அவரையே என்டரைத் தட்டச் சொன்னேன். இயந்திரம் ஒரு கணம் யோசித்தது, பிறகு விழித்துக்கொண்டது.

“அடப்பாவி, தப்பு என் மேலதானா? உங்களைப் போய் அரை மணி நேரம் வேக விட்டுட்டேனே பூட்டு சார்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பிகளைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நாயின் பெயர் சரி, பட்டத்தின் இடம் சரி. எதுவும் போகவில்லை. அவர் வெளியே போய் நெரிசலைச் சமாளிக்க ஆரம்பித்த சத்தம் கேட்டது. யாரையோ கேலி செய்தார், யாரோ சிரித்தார்கள். இன்று இட்லிக்கடை மாதிரிக் கூட்டம் என்று ஒரு குரல் அலுத்துக்கொண்டது.

நடந்ததை எழுதிவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. எண்களை அவர் எப்போதும் அதே கட்டத்தில்தானே அடிப்பார், வியாழக்கிழமை சோதித்தபோது எப்படி விழுந்தது? தொடங்கும்போது அந்த விளக்கு எரிய வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு அமைப்பு. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றிவைக்கலாம், அடுத்த தொடக்கத்தில்தான் அது செயலுக்கு வரும். அதை மாற்றும் அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான்.

பக்கத்தைப் புரட்டினேன். வியாழக்கிழமை, மதியம் இரண்டு இருபது: தொடக்கக் கடவுச்சொல் இடப்பட்டது, சோதிக்கப்பட்டது. காரணம், தணிக்கை. இரண்டு கையெழுத்துகள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. வியாழக்கிழமை, மாலை நாலு ஐம்பது: தொடக்கத்தில் எண் விசை அணைக்கப்பட்டது. காரணம் என்ற பத்தி காலியாக இருந்தது. ஒரே ஒரு கையெழுத்து, என்னுடையது. எழுத்தும் என்னுடையது. நான் போடும் வளைந்த ‘ழ’வை வேறு யாரும் போட மாட்டார்கள்.

அதை எழுதியதாக எனக்கு நினைவில்லை. நாலு ஐம்பதுக்கு அந்த அறையில் இருந்ததாகவே நினைவில்லை. தேடிப் பார்த்தேன். மதியம் அவர் சிரித்துக்கொண்டே போனது இருக்கிறது. மாலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது இருக்கிறது. நடுவில் வெறும் சுவர்தான்.

யாரோ என் எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நிஜமாகவே கோபம் வந்தது. எழுந்து போய்க் கேட்டுவிடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போது அண்ணியின் கையிலிருந்த துணி நினைவுக்கு வந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம். பத்து வருடமாகச் சீட்டுகளைக் கிழித்த கைதான். வெகுநேரம் கழித்துப் பேனாவைத் திறந்து, காலியாக இருந்த காரணப் பத்தியில் ‘நினைவில்லை’ என்று எழுதினேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் மேசைக்குப் போய், இரண்டாவது கையெழுத்துக்காகத் திறந்து வைத்தேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து வரியைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டார். நோட்டைத் திருப்பித் தராமல் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

“திங்கக்கிழமை காலைல நரம்பு டாக்டர் கிட்ட நேரம் வாங்கறேன்” என்றார். “நானும் கூட வரேன்.”

சரி என்றேன். பிறகு அவரிடம் ஒரு வெற்று உறை கேட்டேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒன்பது எழுத்துகளையும் தெளிவாக எழுதி உள்ளே வைத்து ஒட்டினேன்.