கோமளாம்மா விட்டுவைத்த நாற்பது விநாடி

“அன்னைக்கு ஏனுங்க வரலை?”

“மழை அம்மணி. ரயிலு நின்னுபோச்சு.”

“பொய் சொல்லாதீங்க. நாலு நாள் இருந்தானே பையன். ஒரு நாளாச்சும் வந்திருக்கலாமே?”

“வந்திருக்கோணும். தப்புத்தான்.”

“கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேனுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க இருந்தப்ப எங்க நெனப்பு வந்துச்சா இல்லையா?”

அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. பெரியவர் எதையோ ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவார். கடைசியில் அந்தம்மா, “சரிங்க. இதை அன்னைக்கே சொல்லியிருந்தாப் போதுமே” என்பார்.

மதுக்கரையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் மத்தியானம் மூன்று மணி ஆனால் இதுதான். எனக்கு லேத் பட்டறையில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம், அதுவும் இதனால் போனது.

மாடியில் இருப்பவர் நடிகர் கோவிந்தராஜுலு. அவரும் அவர் மனைவி கோமளாம்மாவும் மேடையிலும் சினிமாவிலும் ஜோடியாகவே நடித்தவர்கள். படத்தில் அவர்கள் சண்டை போட்டால் தியேட்டரில் விசில் பறக்கும். நாங்கள் பன்னிரண்டு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு இரண்டு மாதம் முன்புதான் வந்தோம். புரோக்கர் மூலம் வீடு கிடைத்தது. அந்தம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், அதனால்தான் கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவி கிருபாவுக்கு இந்தச் சண்டை பொழுதுபோக்காகிவிட்டது.

“இத்தாப் பெரிய நடிகரு, பொண்டாட்டிகிட்ட ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியலையே! நேத்து பஸ்சுன்னாரு, இன்னைக்கு மழைங்கறாரு. நீங்களாச்சும் ஒரே பொய்யச் சொல்லுவீங்க.”

“அந்தம்மா மட்டும் தெனமும் ஒரே கேள்வியத்தானே கேக்குது?”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் பதில்தான் மாறுகிறது. அந்தம்மா பேச்சு ஒரு எழுத்துகூட மாறுவதில்லை.

மறுநாள் கிருபா, அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தட்டில் வெல்லக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். தட்டு அப்படியே கையில் இருந்தது.

“ஏனுங்க, அந்தம்மா போட்டோவுக்கு மாலை போட்டிருக்குதுங்க.”

அப்போதும் மேலே கேட்டது, “அன்னைக்கு ஏனுங்க வரலை?”

நான் ஏறிப் போனேன். பெரியவர் ஒரு பழைய டேப்ரிக்கார்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை நிறுத்தினார்.

“பயந்துபோட்டீங்களா தம்பி? அவ போயி பத்து மாசம் ஆச்சுங்க.”

பிறகு சொன்னார். நாடகத்தில் இருந்த காலத்தில் அவர் அடிக்கடி சூட்டிங் போய்விடுவார். ஒத்திகைக்கு ஆள் இருக்காது. அதனால் கோமளாம்மா தன் வசனத்தை மட்டும் கேசட்டில் பேசி, அவர் வசனத்துக்கு இடம் விட்டுவைப்பார். அவர் ரயிலில் கேட்டுப் பாடம் செய்துகொள்வார்.

“சும்மா இடம் விடமாட்டா. என்ர வசனத்தை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் நிறுத்துவா. அளவு தப்பவே தப்பாது.”

பீரோவில் முப்பத்திரண்டு கேசட் இருந்ததாம். முப்பத்தொன்றில் நாடகத்தின் பெயரை அந்தம்மாவே எழுதியிருக்கிறார். ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை. அதைத்தான் தினமும் போடுகிறார்.

அவர்களுக்கு எண்பத்தாறில் ஒரு பையன் பிறந்திருக்கிறான், பல்லடத்தில், அந்தம்மாவின் அம்மா வீட்டில். நாலே நாள்தான் இருந்தான். இவர் மெட்ராஸில் முதல் படத்தில் இருந்தார். ஆறாம் நாள்தான் போனார்.

“சாப்பிட்டீங்களான்னு கேட்டா. அவ்வளவுதானுங்க. அப்புறம் சாகற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கலை. படத்துல எத்தனை பிள்ளைங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் அழுதிருக்கோம்! எங்க பிள்ளைக்கு மட்டும் சேந்து அழவே இல்லை.”

அந்தக் கேசட்டில் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்கிறது. தறி ஓடும் அந்தப் பல்லடத்து வீட்டில் வைத்துப் பேசியதுதான்.

“நாடகமா இருக்கலாமுங்களே ஐயா?” என்றேன்.

“இருக்கலாமுங்க. பையன் போன வருசம் நான் மெட்ராஸ்லயே இருந்துட்டேன். எனக்குப் பதிலா ஐயாசாமின்னு ஒருத்தரைப் போட்டு அவ கோயில் நோம்பிக்கெல்லாம் நாடகம் ஆடினா. இது அதுல ஒண்ணுக்குப் பேசினதோ என்னவோ. எந்த நாடகத்தையும் நான் பாத்ததில்லை. ஐயாசாமியும் இப்ப உசுரோட இல்லை, எழுதினவரும் இல்லை. யாரைக் கேக்கறது?”

“நாடகம்னா உங்களுக்கு நிம்மதிதானுங்களே?”

“நான் தப்பிச்சேன். ஆனா அவ என்னைக் கேக்கவே இல்லைன்னு ஆயிருமே தம்பி.”

கடைசிக் கேள்விக்குப் பின் அந்தம்மா விட்ட இடம் நாற்பது விநாடி. அதற்கப்புறம்தான் அந்த ‘சரிங்க’ வருகிறது. நாற்பது விநாடிக்கு என்ன சொன்னால் கோமளா சரி என்பாள், அதுதான் இவருக்குத் தெரிய வேண்டும்.

போன வியாழக்கிழமை என் செல்போனில் நேரம் பார்க்கச் சொன்னார். கேசட்டைப் போட்டார். மழை, பஸ் எதுவும் சொல்லவில்லை.

“நெனப்பு வந்துச்சு அம்மணி. அழுதா வசனம் மறந்துரும்னு தள்ளிப்போட்டேன். தந்தி வந்ததை டைரக்டர்கிட்டச் சொல்லவே இல்லை. சொன்னா அனுப்பிருவாங்கன்னு சொல்லலை.”

மீதி நேரமெல்லாம் தறிதான் ஓடியது. அப்புறம் அந்தம்மா, “சரிங்க” என்றார்.

“நான் பேசினது எத்தனை?”

“பன்னெண்டு செகண்டுங்க ஐயா.”

“என்ர கிட்ட இருக்கற நெசம் அவ்வளவுதான்போல.”

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே எழுதுகிறேன். எண்பத்தாறு, எண்பத்தேழில் பல்லடம், சூலூர் பக்கம் நோம்பியில் கோமளாம்மா நாடகம் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மேலே எழுதிய வசனம் எதிலாவது வந்ததா? வந்திருந்தால், அந்தக் கடைசிக் கேள்விக்கு ஐயாசாமி என்ன சொன்னார்? அப்படி ஒரு நாடகமே கிடையாது என்று உறுதியாகத் தெரிந்தாலும் தயவுசெய்து கீழே பதில் போடுங்கள்.