முன்னறை மௌனம்

குழாய் ரிப்பேர்க்காரர் வந்துபோன ஐந்தாம் நாள், புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, சவுண்டுக்காரர் வீட்டிலிருந்து மருந்துக்கடை வரைக்கும் ஏழு கட்டடங்களுக்குச் சத்தம் நின்றுபோனது. கரண்ட் போவதுபோலத்தான் போனது. வெல்டிங் பட்டறையில் பொறி பறந்தது, சத்தம் இல்லை. மருந்துக்கடைக்காரர் கையிலிருந்து இருமல் மருந்து பாட்டில் நழுவித் தரையில் விழுந்து சிதறியது, சத்தம் இல்லை. மூன்றாம் வீட்டு நாய் இரண்டு தடவை குரைத்துப் பார்த்துவிட்டு, தன் வாய்மேலேயே சந்தேகப்பட்டு உட்கார்ந்துகொண்டது. சரியாக இரண்டு நிமிடம். பிறகு எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. ஆளாளுக்குக் காதைக் குடைந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

காரணம் தெரிந்த ஒரே ஆள் சவுண்டுக்காரர். குழாய் ரிப்பேர்க்காரர், சுவருக்குள் ஒழுகுகிறது, உடைக்க வேண்டும், படுக்கையறை அலமாரியைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். போர்வைகளுக்கும் பழைய சூட்கேசுக்கும் பின்னால் கையை விட்டால், பத்தொன்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது ஸ்பூல் ரெக்கார்டர், நாடாச் சுருளில் சத்தம் பிடிக்கும் பழைய மிஷின். தோளில் மாட்டும் வார் பிய்ந்திருந்தது. இரண்டு மைக், துணியில் சுற்றிய ஹெட்போன், ஒயர்கள், பெட்டி பெட்டியாக ஸ்பூல்கள். மனைவி இறந்த ஏழாம் நாள் அவரேதான் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியவர். அதற்கப்புறம் அந்த அலமாரிப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

எழுபத்து மூன்று வயது மனிதர். தொழிற்சாலைகளுக்கு விளக்கப் படம் எடுக்கும் கம்பெனியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். கம்பெனிக்குச் சொந்தமாக ஒலிப்பதிவு அறை கிடையாது. அதனால் கட்டைக்குரல் வாத்தியார் என்றொருவர் இவர் வீட்டு முன்னறைக்கே வந்து, பம்புக்கு எப்படி எண்ணெய் விடுவது, பெல்ட்டை எப்படி மாட்டுவது என்றெல்லாம் படித்துவிட்டுப் போவார். அவர் படித்து முடித்ததும் சவுண்டுக்காரர் அறையின் மௌனத்தைத் தனியாக ஒரு சின்ன ஸ்பூலில் எடுத்து வைப்பார். இது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் ஓட்டை தெரியாமலிருக்க அந்த மௌனத்தைத்தான் ஒட்டுப்போடுவார்கள். ஆகவே இரண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது அவர் விரலைத் தூக்குவார். "ஒரு நிமிஷம்" என்பார், இரண்டு நிமிடம் எடுப்பார். சமையலறை வாசலில் எதையோ சொல்ல வந்த மனைவி வாயை மூடிக்கொண்டு, கையில் கரண்டியோடு அப்படியே நிற்பாள். இடுப்பில் குழந்தை இருந்தால் அதுவும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இப்படி இருபத்து மூன்று வருஷம்.

மனைவிக்கு வயிற்றுக்குள் வந்திருப்பது இன்னதென்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. டாக்டர், ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்தார் இவர் ஒரு பல்லவியை: "ஒரு வார்த்தை சொல்லலையே அவ என்கிட்ட!" துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார், மருந்துக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார். மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டர், அவனிடமும் முகத்துக்கு நேரே சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. சவுண்டுக்காரருக்கு மனைவிமேல் அவ்வளவு கோபம். அவ்வளவு ஆசையும்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பத்தொன்பது வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் என்ன ஆவான்? அவளுடைய குரலை மறந்துபோனார். முகத்துக்கு போட்டோ இருக்கிறது. குரலுக்கு எங்கே போவது? அவள் சொன்ன வார்த்தைகள் ஞாபகத்தில் இருந்தன, ஆனால் எல்லாம் அவருடைய குரலிலேயே இருந்தன.

அதனால்தான் ரெக்கார்டரைப் பார்த்ததும் அவர் போர்வைகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஸ்பூல் பெட்டிகளைத் திறந்தார். இத்தனை ஸ்பூலில் எங்காவது ஒரு வார்த்தை மாட்டியிருக்காதா? நான்கு நாள் சோறு தண்ணி இல்லாமல் ஹெட்போனோடு உட்கார்ந்தார். மகளுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னார்: "பம்புக்கு எண்ணெய் விடறது எப்படின்னு பதினாலு மணி நேரம் இருக்கும்மா. உங்கம்மா ஒரு வார்த்தை இல்ல. ஒரு இருமல்கூட இல்ல." மகள், "நீங்கதான் பேசவே விடமாட்டீங்களேப்பா" என்றாள். குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

மீதியிருந்தவை 'முன்னறை மௌனம்' என்று தேதி போட்ட நூற்று அறுபத்து மூன்று சின்ன ஸ்பூல்கள். அதில் கேட்க என்ன இருக்கிறது? மிஷினின் ஸ்பீக்கர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, புதன்கிழமை காலை, ஹெட்போன் இல்லாமல், முதல் ஸ்பூலை மாட்டினார். தெரு ஊமையானது.

இப்போது ஒரு சாதாரண ஆள் என்ன செய்வான்? பயப்படுவான், இல்லை வீட்டுக்குள் உட்கார்ந்து யோசிப்பான். சவுண்டுக்காரர் வாட்சை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எவ்வளவு தூரம் போகிறது, எங்கே தேய்கிறது என்று அளந்தார். மறுநாள் இரண்டாவது ஸ்பூலைப் போட்டுவிட்டு மேற்கே நடந்தார், அதற்கு மறுநாள் கிழக்கே. ஓடி முடிந்த ஸ்பூலைத் திரும்பப் போட்டால் வெறும் இரைச்சல்தான் வந்தது. ஒரு மௌனம் ஒரு தடவைதான். தெருவும் பழகிப்போயிற்று. நாலாம் வீட்டில் பிறந்து ஒரு மாசமான குழந்தை, தூங்குகிற நேரத்துக்குக் கொஞ்சம் போட்டுவிடுங்களேன் என்று கேட்டார்கள், போட்டுவிட்டார். மருந்துக்கடைக்காரர் சரக்கு எண்ணும்போது கேட்டார், அவருக்கும் ஒன்று. வெல்டிங்காரர் தம்பதி சண்டை முற்றும் சமயத்தில் ஆள் அனுப்பினார்கள். தனக்கும் ஊரில் மதிப்பு இருக்கிறதே என்று இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி முப்பத்தெட்டு ஸ்பூல் போயிற்று. முப்பத்தெட்டு தடவையும் அவர் வாட்சோடு தெருவில்தான் நின்றார்.

முப்பத்தொன்பதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் வந்திருந்தாள், கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. அப்பா வழக்கம்போல் ஸ்பூலை ஓடவிட்டு வெளியே போனார். இவள் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் அறுந்தது. அப்போது வாசல்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், அம்மா சொன்னாள்: "என்னங்க, அந்த நீலச் சட்டையில பட்டன் இல்ல, அதப் போட்டுட்டுப் போயிடாதீங்க." அவ்வளவுதான். அப்பா திரும்பி வந்து, இன்றைக்கு மருந்துக்கடையையும் தாண்டிவிட்டது என்றார். மகள் ஈரக்கையோடு அவரைப் பிடித்து உலுக்கினாள். விரலைத் தூக்கியபோது அம்மா விழுங்கியதெல்லாம் அந்த ஸ்பூல்களில் இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் முப்பத்தெட்டு என்றால் கல்யாணமான புதுசு. மகள் பிறப்பதற்கு முந்தைய காலம். அந்தச் சின்னப் பெண் தினமும் சமையலறை வாசலில் வந்து பேசியிருக்கிறாள், வீட்டில் யாருமே இல்லை. ஐயோ, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழாமல் என்ன செய்வார்?

அதன்பிறகு ஸ்பூல் ஓடும்போது அவர் சமையலறையை விட்டு நகர்ந்ததில்லை. நாளைக்கு ஒன்று, தேதி வரிசைப்படி. முதல்முறை குரலைக் கேட்டதும், ஆமாம், இதேதான், கொஞ்சம் மூக்கடைத்த குரல், இதை எப்படி மறந்தேன் என்று இருந்தது அவருக்கு. பக்கத்து வீட்டில் ஏணி கேட்டாங்க, குடுத்துட்டேன் என்றாள். இவளுக்குப் பல்லு ஆடுது என்றாள். வாத்தியார் டீ குடிப்பாரா மாட்டாரா, ஒரே பதிலாச் சொல்லுங்க என்று எரிந்து விழுந்தாள். ஒருநாள், "நேத்து ஒரு கனவு கண்டேன், சொல்றேன் கேளுங்க" என்றாள். சவுண்டுக்காரர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதோடு ஸ்பூல் முடிந்தது. அந்தக் கனவை அவள் பிறகு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

நூற்று ஐம்பத்து நான்காவது ஸ்பூலில், இறப்பதற்குப் பதினாலு மாசம் முந்தைய தேதி, அவள் மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, ஒரு மாசமா வயித்துல வலது பக்கம் ஒரு வலி. உங்களுக்கு வேலை இல்லாத நாளாப் பார்த்து டாக்டர்கிட்ட போயிட்டு வருவோமா?" சவுண்டுக்காரர் எழுந்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சத்தம்தான் இல்லையே. சட்டையை மாட்டினார், செருப்பைப் போட்டார், டாக்டர் சீட்டு வைக்கும் பையைத் தேடி எடுத்தார். ஸ்பூல் முடிந்து தெருவுக்குச் சத்தம் திரும்பியபோது அவர் வாசலில் நின்று, "போலாம், இப்பவே போலாம், எந்திரி" என்று கத்திக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

போட்ட செருப்பைக் கழற்றாமல் மூன்று பஸ் மாறி மச்சான் வீட்டுக்குப் போனார். கண்டக்டர் ரிட்டயராகி, தலை நரைத்து, ஈஸிசேரில் இருந்தான். இவர் உட்காரக்கூட இல்லை. "மச்சான், உங்கக்கா சொன்னாடா. நான்தான் கேக்கல" என்றார். மச்சான் எழுந்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "தெரியும் அத்தான். அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட சொன்னா. 'அவர்கிட்ட சொல்லப் போனேன், விரலைத் தூக்கிட்டாரு, அப்புறம் எனக்கே விட்டுப்போச்சு'ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்." அப்புறம், "அவ சொல்லவே இல்லன்னு நீங்க சொல்றத என்னால கேக்க முடியல. சொன்னான்னு சொன்னா நீங்க தாங்கமாட்டீங்க. அதான் வர்றதையே விட்டுட்டேன்" என்றான். இரண்டு கிழவர்களும் கூச்சப்படாமல் அழுதார்கள். திரும்பி வந்த சவுண்டுக்காரர் மருந்துக்கடையில் ஏறி, முடிவெட்டும் கடையில் ஏறி, அவ சொன்னா, நான்தான் கேக்கல என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர்களும் சரி என்று கேட்டுக்கொண்டார்கள்.

மீதி ஸ்பூல்களில் அவள் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. கடைசி ஒன்றுக்கு மச்சானை வரச்சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, மகள், மாமன், அப்பா, மூன்று பேரும் சமையலறையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாலாம் வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்கத் தயாராக இருந்தார்கள். ஸ்பூல் சுற்றியது, தெரு அடங்கியது. முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடத்தின் பாதியில் அவள், எப்போதும்போல் கொஞ்சம் அவசரமாக, "என்னங்க, சாரல் அடிக்குது பாருங்க, அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றாள். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சவுண்டுக்காரர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, ஈரமாகியிருந்த விளிம்பைத் துண்டால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.