ஊற வைத்த பழம்

கிஷோர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். முகப்பேரில் அவர்கள் வீட்டுக்குள் ஒரு மாதமாக முட்டைகூட நுழையவில்லை. அந்தச் சமையலறையில்தான் அவன் மனைவி பவ்யா ஒயின் பாட்டிலைத் திறந்தாள்.

எல்லாம் வாய்க்கொழுப்பு. மாடி வீட்டு ஜெனிஃபர் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டபோது, "ஜூஸும் ஒயினும் கலக்கறது என் பொறுப்பு" என்று இவளை யார் சொல்லச் சொன்னது? ஆரஞ்சுச் சுளை, மாதுளை முத்து, அன்னாசித் துண்டு எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு, நுரைக்கும் ஒயினைக் கொஞ்சம் ஊற்றி ஃப்ரிட்ஜில் ஊற வைத்தாள். பாட்டிலைப் பைக்குள் ஒளித்தாள். கிஷோர் கோயிலிலிருந்து வருவதற்குள் மேலே போய்விடலாம் என்று குளிக்கப் போனாள்.

வெளியே வந்தபோது கற்பூர வாசனை அடித்தது. கிண்ணம் ஐயப்பன் படத்துக்கு முன்னால் இருந்தது.

"காலையில உன்னாண்ட சும்மா எரிஞ்சு விழுந்துட்டேன்," என்றான் கிஷோர். "நீ இன்னாடான்னா பூஜைக்குப் பழம் நறுக்கி வெச்சிகீறே. மனசுல வெச்சுக்காத."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. அவன் ஒரு சுளையை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

"வாயில வெக்காதீங்க சாமி!" மாலை போட்டதிலிருந்து அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். "அதுல ஒயின் ஊத்தியிருக்கேன்."

அவன் கை அப்படியே நின்றது. கத்தினாலாவது தேவலை என்று காத்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. படத்தைத்தான் பார்த்தான்.

"அவருக்குப் படைச்சிட்டேனே," என்றான்.