வாய் திறவாத சேனாபதி

மேடையின் முன்விளிம்பில், பலகைகளுக்குக் கீழே ஒரு குழி. அதற்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு மனிதனின் தலை மட்டும் மேடை மட்டத்துக்கு மேலே தெரியும். அந்தத் தலையும் சபையோர் கண்ணில் பட்டுவிடலாகாது என்று தகரக் கவசம் ஒன்று அதை மறைத்திருக்கும். பதினெட்டு ஆண்டுகள் அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தான் பிராம்ப்டர். நடிகர்கள் மறந்த வசனத்தைக் கிசுகிசுத்து எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். அங்கிருந்து அவன் கண்டவை முகங்கள் அல்ல, கால்கள். மன்னர்கள் வந்தார்கள், ஆண்டார்கள், மாண்டு விழுந்தார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய செருப்பின் தேய்மானம்தான்.

அவன் இருந்த நாடகக் குழுவை வாழவைத்தது ஒரே ஒரு நாடகம். போரில் தோற்றுத் திரும்பிய மன்னன் தன் கோட்டைக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கும் சேனாபதிக்கு ஓசை கேட்கிறது; திறக்கவில்லை. மன்னன் வாசலிலே மடிகிறான். சேனாபதி அரியணை ஏறுகிறான். ஏறிய நாளிலிருந்து, இறங்க வழியில்லாமல் அதிலேயே கிடந்து அழிகிறான்.

சேனாபதி வேடம் குழுவின் முதன்மை நடிகரான ராஜபார்ட்காரருக்கு உரியது. அறுபதைத் தொட்டவர், கடைசி வரிசைக்காரனின் நெஞ்சிலும் அதிரும் குரல். ஆனால் ஆறு ஆண்டுகளாக அவருக்கு வசனம் நழுவத் தொடங்கியிருந்தது. அது அவரும் பிராம்ப்டரும் காத்துவந்த இரகசியம். மறந்த இடத்தில் இடது குதிகாலால் பலகையை இருமுறை தட்டுவார். குழியிலிருந்து சொல் வரும். அந்தத் தட்டலைச் சேனாபதியின் செருக்கு என்று எண்ணி ஊரே கைதட்டியது.

நாடக உடைகளைத் தைப்பவள் பிராம்ப்டரின் மனைவி. அவளிடம் மட்டும் அவன் அந்த இரகசியத்தைச் சொல்லியிருந்தான். ஒருநாள் சேனாபதியின் அங்கியைக் கணவன் தோளில் போட்டுப் பார்த்தாள்.

"உங்களுக்கே அளவெடுத்த மாதிரி இருக்குங்க."

"சும்மா இரு. யாராவது பார்த்துடப் போறாங்க."

"பார்க்கட்டுமே. வசனம் பூரா உங்க வாயில, கைதட்டு மட்டும் அவருக்கா? நீங்க ஒரே ஒரு நாள் பேசாம உட்கார்ந்தாப் போதும், சாயம் வெளுத்துடும்."

"அண்ணன் எனக்குச் சோறு போட்டவரு."

"போட்டாரு. குழிக்குள்ள வச்சுப் போட்டாரு."

அவன் அங்கியைக் கழற்றினான். ஆனால் மடிக்க நேரமெடுத்துக்கொண்டான். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று வகுத்துவைத்த ஏற்பாடு, கீழே கிடப்பவனுக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் புகட்டுகிறது: ஏற்பாட்டை மாற்றாதே, இடத்தை மாற்றிக்கொள். அந்தப் பாடம் அவனுக்கு நன்றாகவே மனப்பாடமாகியிருந்தது.

பெரிய அரங்கம் ஒன்றின் நிர்வாகிகள் நாடகம் பார்க்க வந்த நாள் அது. மூன்றாம் அங்கம், முடிசூடும் சேனாபதி உறுதிமொழி கூற வேண்டும். குதிகால் இருமுறை தட்டியது. பிராம்ப்டரின் விரல் சரியான வரியின் மேல்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை. மீண்டும் தட்டியது குதிகால். மூன்றாம் முறை தட்டியபோது பலகையின் தூசி அவன் புத்தகத்தில் உதிர்ந்தது.

"என்ன சேனாபதி, கோட்டைச் சாவியைத் தொலைச்சிட்டியா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது. திரை இறங்கியது.

ஒப்பனை அறையில் குழுவின் முதலாளி எரிந்து விழுந்தார். "ஏன்யா, நீ எடுத்துக் கொடுக்கலையா?"

"கொடுத்தேங்க. அண்ணன் காதுல விழலை போல."

ராஜபார்ட்காரர் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அவனை ஒருமுறை பார்த்தார். தட்டினேன் என்று சொன்னால், ஆறு ஆண்டுகள் பிறர் வாயால் வாழ்ந்ததையும் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்பதுதான் பிராம்ப்டரின் கணக்கு. கணக்கு பிசகவில்லை.

"முழு நாடகமும் மனப்பாடமா வச்சிருக்கிற ஆள் நீ ஒருத்தன்தான். நாளைக்கு நீயே வேஷம் கட்டு," என்றார் முதலாளி. "அப்ப குழியில யாரு?"

"நான் உட்கார்றேன்," என்றார் ராஜபார்ட்காரர். "பார்த்துப் படிக்கத் தெரியும் எனக்கு."

மறுநாள் அங்கியும் மகுடமுமாக மேடையில் நின்றவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எதிரே எண்ணூறு முகங்கள். அவனுக்குப் பழகிய இடம் குழி ஒன்றே. அங்கே பார்த்தான். தகரக் கவசத்தின் நிழலில் இரண்டு கண்கள். அவன் வாய் திறக்குமுன்பே வசனம் அங்கிருந்து புறப்பட்டது, மெல்ல, பிழையின்றி. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. அந்தக் குரல் ஒருமுறையாவது தவறியிருந்தால் அவன் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பான். தவறவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் நாடகம் முழுவதையும் அந்தக் குழியிடமே பேசி முடித்தான்.

சபை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. குற்றத்தின் பாரம் தாங்காத சேனாபதியை இப்படி எவனும் நடித்ததில்லை என்று ஊர் பேசியது. அன்றும் வந்திருந்த பெரிய அரங்கத்தார் ஆறு மாதத்துக்கு, நாளுக்கு இரண்டு காட்சியென ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

"முதலாளி, எனக்குப் பிராம்ப்டர் வேணாங்க. எல்லாம் பாடம்தானே," என்று ஒருநாள் கெஞ்சினான்.

"பாடம்தான்யா. ஆனா நீ பார்க்கிறது அந்தக் குழியைத்தானே? அங்க ஆள் இல்லைன்னா எதைப் பார்ப்ப? அந்தப் பார்வைக்குத்தான் சனம் வருது. அதுல கை வைக்காதே."

பிறகு ராஜபார்ட்காரரிடமே போனான். "அண்ணே, என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"உங்களுக்குத் தெரியும்."

"ரெண்டாம் அங்கத்துல ஒரு சொல்லை முழுங்கிட்ட. அதைக் கவனி," என்று புத்தகத்தின் தூசியை ஊதினார் அவர்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "ஊரே தூக்கி வச்சுக் கொண்டாடுது. இன்னும் என்ன குறை? பிடிக்கலைன்னா இறங்கிடுங்க."

"இறங்கி எங்க போய் உட்கார்றது? அங்கயும் அவருதானே இருக்காரு."

பெரிய அரங்கத்தில் நான்காம் மாதம், ஒரு பிற்பகல் காட்சி. கடைசி அங்கம். அமைச்சர் வேடக்காரர் முழங்கினார்: "மன்னர் கதவைத் தட்டிய ஓசை கேட்டவர் எவரேனும் இச்சபையில் உண்டோ?"

"யான் அறியேன்," என்றது குழி.

அவன் அதைச் சொல்லவில்லை. மகுடத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். இன்று சொல்லிவிடுவது, அரங்கமே காறித் துப்பட்டும், முதலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளட்டும், அண்ணன் மீண்டும் மேலே ஏறட்டும். இதுதான் அவன் முடிவு. குழியை நோக்கிக் கை நீட்டினான்.

"அதோ, அந்தக் குழியில இருக்காரே, அவருதான் தட்டினாரு. மூணு தடவை தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் வாயைத் திறக்கலை. அவர் இடத்துக்கு ஆசைப்பட்டேன். இது வசனம் இல்லைங்க. நம்புங்க."

முதல் வரிசையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கூரை அதிர்ந்தது. கைதட்டல் ஓயவே இல்லை. திகைத்து நின்ற அமைச்சர் தமக்குத் தெரிந்த அடுத்த வசனத்தைச் சொன்னார். அது கச்சிதமாகப் பொருந்தியது. குழியிலிருந்து சேனாபதியின் மறுமொழி மெல்லப் புறப்பட்டது. பதினெட்டு ஆண்டுப் பழக்கம். அவன் வாய் தானாகவே அதைச் சொன்னது.

ஒப்பனை அறைக்கு முதலாளி ஓடி வந்தார். "யாருய்யா எழுதிக் கொடுத்தது?"

"யாரும் எழுதலைங்க. நடந்ததைச் சொன்னேன்."

"நடந்த மாதிரியேதான் இருந்துது. ஒரு எழுத்தும் மாத்தாதே. இனிமே எல்லாக் காட்சியிலும் இது இருக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே வெளியேறினார்.

மூலையில் ராஜபார்ட்காரர் நாடகப் புத்தகத்தை முழங்காலில் விரித்து, 'யான் அறியேன்' என்ற வரியைப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சொன்னது உங்களுக்குமா கேட்கலை?"

"கேட்டுச்சு தம்பி." ஓரத்தில் எழுதத் தொடங்கினார். "ஒரு இடம் மட்டும் சந்தேகம். 'வாயைத் திறக்கலை'ன்னியா, 'திறக்கவே இல்லை'ன்னியா? சரியா எழுதிக்கணும். அடுத்த காட்சியில நீ மறந்துட்டா நான்தானே எடுத்துக் கொடுக்கணும்."

பென்சில் காத்திருந்தது. வெளியே மாலைக் காட்சிக்குக் கூட்டம் நுழையும் காலடி ஓசை கேட்டது.

"'திறக்கலை'ன்னுதான், அண்ணே," என்றான் அவன்.