செயலாளரின் குரலை விழுங்கிய குடுவை

அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளருடைய குரலை, மூன்றாம் மாடி பால்கனியில் தொங்கிய குடுவைச் செடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விழுங்கியது. அதற்கு முன்பு அது ஈ, எறும்பு தவிர வேறெதையும் தின்றதில்லை. செயலாளர்தான் வலியப் போய்க் குடுவைக்கு நேராகக் குனிந்து, "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் செடியெல்லாம் குப்பைக்குப் போகணும், இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணும்மா!" என்று கத்தினார். கடைசிச் சொல்லோடு குரலும் உள்ளே விழுந்தது. குடுவையின் மூடி லேசாக ஆடி நின்றது.

அந்த வீட்டில் குடியிருந்தவள் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுப்பவள். எல்லோருக்கும் பல்லுக்கார அக்கா. பூச்சி தின்னும் செடிகளைப் பால்கனி நிறைய வளர்த்தாள். அவற்றுக்கு உரம் ஆகாது, குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர் மட்டும்தான். வீட்டுச் சொந்தக்காரர் செயலாளரின் தம்பி என்பதால் மிரட்டல் வெறும் மிரட்டல் இல்லை. அக்காவுக்குப் பயம் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் செயலாளர் மனைவியோடு வந்தார். அவர் கையை ஆட்ட, மனைவி விளக்கம் சொன்னாள்: "குடுவையை வெட்டினா குரல் வெளிய வந்துடுமாம்." வீட்டில் வாய் திறக்க வாய்ப்பே இல்லாமல் பல வருஷம் ஓட்டியவள் அவள். அவர் நீட்டி முழக்கிக் காட்டியதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"வெட்டினா குடுவை செத்துடும், உள்ள இருக்கிறதும் அதோட போயிடும். ஒரு இலையைக்கூட தொட விடமாட்டேன். குப்பைலயும் போடமாட்டேன். வேணும்கிறவங்களுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"எனக்கொண்ணும் அவசரமில்லம்மா" என்று அந்த அம்மாள் அக்காவின் காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தச் செடி வளர்ப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. யாரும் விற்பதில்லை. வாங்கிக்கொண்டவர், கொடுத்தவரிடம் செடி இல்லாமல் போனால் ஒரு துண்டு வெட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அக்கா அதை நம்பி இறங்கினாள். வேர்களை ஈரப் பாசியில் சுற்றி, செருப்புக்கடை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினாள். குடுவைகளிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, பல் வேலைக்கு வைத்திருந்த பஞ்சால் வாயை அடைத்தாள். அவசரத்தில் குரல் விழுந்த அந்த ஒரு குடுவையை மட்டும் கொட்ட மறந்துபோனாள்.

தபால் அலுவலகத்தில் பெட்டி முணுமுணுத்தது.

"உள்ள யாருங்க?" என்றாள் கவுண்டர் பெண்.

"செடிதாங்க."

"திட்டுதே."

"பழகிடும்."

கெடு நாளில் செயலாளர் கத்தரிக்கோலோடு வந்தபோது பால்கனியில் காலி கொக்கிகள் மட்டும் இருந்தன. காலி பண்ணச் சொல்லக் காரணமும் இல்லை, சொல்லக் குரலும் இல்லை. அக்கா அவர் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினாள். பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

பெட்டி போய்ச் சேர்ந்தது வேறொரு ஊரில் இருந்த கடைசல் பட்டறைக்காரரிடம். பட்டறை இரைச்சலிலேயே வாழ்ந்த மனிதர் என்பதால், குடுவை கத்தியதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் அதனோடு பேசினார், மழையைப் பற்றி, வெயிலைப் பற்றி, தொட்டியின் ஈரத்தைப் பற்றி. சில வருஷங்களில் அது திட்டுவதை மறந்தது. அவர் ஒரு துண்டு வெட்டி வழக்கப்படி அக்காவுக்கு அனுப்பினார். மற்றவர்களும் அனுப்பினார்கள். அனுப்பியதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அக்கா கூடுதலாகக் கொக்கிகள் அடித்தாள்.

புதுக் குடுவை திறந்த அன்று, செயலாளரின் குரல் மாடிப்படி முழுக்கக் கேட்டது: "எல்லாருக்கும் வெயில் படுதா?"

அவர் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றார். கெஞ்சக்கூட அவரிடம் குரல் இல்லை. அக்கா அவரை நிற்கவைத்து நன்றாகப் பார்த்தாள். பிறகு தொட்டியைக் கையில் கொடுத்தாள்.

"சும்மாதான் தர்றேன். மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க. காய்ஞ்சா தொண்டை கட்டிக்கும்."

அதிலிருந்து குடியிருப்புக் கூட்டங்களில் தொட்டிக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். செயலாளர் வாயைத் திறந்தால் பேசுவது குடுவைதான். பால்கனியில் செடி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், அவர் தலை வேண்டாமென்று ஆடும், குடுவை "தாராளமா" என்று சொல்லும். கூட்டம் குடுவை சொன்னதையே முடிவாக எடுத்துக்கொள்ளும்.

மழை பிடிக்க அவர் மொட்டைமாடியில் வாளி வைக்கிறார். அவர் செடியிலும் கிளை வெடித்தது. யாரோ ஒருவர் கேட்டிருந்தார் என்று, தானே பாசி சுற்றி, பஞ்சு அடைத்துத் தபால் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். கவுண்டர் பெண் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டாள், எடை போட்டாள், முத்திரை குத்தினாள்.