தோப்புக்குள் பாலைவனச் சட்டை

பாக்தாதிலிருந்து எங்களுக்கு வந்த சீருடை பாலைவனத்துக்கானது. மணல் நிறத்தின்மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் புள்ளிகள். எங்கள் முகாம் இருந்ததோ பஸ்ராவுக்குத் தெற்கே, ஆற்றோரத்துப் பேரீச்சந்தோப்பில். பச்சைக்கு நடுவே, கீரைக்கட்டில் விழுந்த எள்ளு ரொட்டி மாதிரி இருந்தோம்.

ஜெனரல் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்ததும், கர்னல் நஸ்ஹான் கரைமேல் ஏறி நின்று எங்களை ஒளியச் சொன்னார். ஒளிந்தோம். அங்கிருந்தே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சீருடையைத் திருப்பி அனுப்பினால் மேலிடத்தைக் குறை சொன்னதாகிவிடும். ஆகவே தோப்பை வெட்டுவது என்று முடிவெடுத்தார்.

தோப்புக்காரர் ஹாஜி மித்தஷர் ஓடிவந்தார்.

"இப்பதான் காய் பிடிக்கிறதுக்குப் பாளைக்கெல்லாம் ஆண்பூ கட்டி முடிச்சேன், சய்யிதி. இத விட்டா எனக்குச் சோறு இல்ல."

"நாட்டுக்காக நாலு மரம் குடுக்க மாட்டியா, ஹாஜி?"

"நாட்டுக்குன்னா குடுப்பேன். சட்டைக்குமா குடுக்கணும்?"

கர்னல் தானே கோடரியை ஓங்கினார். சிப்பாய் ஃபாதில் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"விட்டுடுங்க, சய்யிதி. இந்த மரத்துக்கு நான் ஜாமீன். அடுத்த வருஷம் காய்க்கும்."

காய்க்காத மரத்தை எங்கள் பக்கம் கோடரி காட்டி மிரட்டுவார்கள். யாராவது ஜாமீன் நிற்பார்கள். ஓங்கியவர் விட்டுவிட வேண்டும். மீறி வெட்டியவர் வீட்டில் ஒருவரும் காப்பி குடிக்க மாட்டார்கள். கர்னலும் எங்கள் ஊர்க்காரர்தான்.

"இது காய்க்கிற மரம்டா, கழுத."

"அப்ப ஜாமீன் இன்னும் கெட்டி, சய்யிதி."

அதற்குள் நாங்களும் ஆளுக்கொரு வரிசை மரங்களுக்கு ஜாமீன் சொல்லிவிட்டோம். கர்னல் கோடரியைக் கீழே போட்டார்.

"நாளைக்கு ஒரு பய என் கண்ணுல படக்கூடாது. எங்கயாவது தொலைங்க."

தொலைந்தோம். ஜெனரல் வந்தபோது நாங்கள் ஹாஜி வீட்டு முற்றத்தில் சுட்ட மீன் தின்றுகொண்டிருந்தோம். ஜெனரல் கரைமேல் நின்று தொலைநோக்கியால் தோப்பைத் துழாவினார் என்று கர்னலின் ஓட்டுநர் பிறகு சொன்னார்.

"எல்லாரும் உள்ளதான இருக்காங்க?"

"மொத்தப் பேரும், சய்யிதி."

"ஒருத்தன்கூடத் தெரியலையே. பிரமாதமான துணி."

கர்னலுக்குப் பதக்கம் கிடைத்தது. ஆற்றோரத் தோப்பு முகாம்கள் அனைத்துக்கும் அதே சீருடை என்று உத்தரவும் வந்தது.

பழம் கனியும் காலத்தில் ஹாஜி என்னிடம் பழைய சட்டை ஒன்று கேட்டார்.

"எதுக்கு, ஹாஜி?"

"குருவித் தொல்லை தாங்கல. இத மாட்டி வச்சா, தூரத்துலயே பாத்துட்டுப் போயிடும்."