மாட்டுக்குப் போகவிருந்த பஸ்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களுடையது. அவர்கள் கதைத்தது இவ்வளவுதான்:

"சீவரத்தினத்தார் பஸ் வாங்கியிருக்கிறாராமெல்லே."

"எந்தப் பக்கம் ஓட?"

"ஓடி உழைக்கிறதுக்கில்லையாம். சும்மாவாம்."

"சும்மாவோ?"

"ஓம். ஆசைக்காம்."

அதற்குள் அவர்களின் முறை வந்துவிட்டது. சீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வெறும் போத்தலோடு நின்றேன். சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருடம். டீசலை அகராதியில்தான் பார்க்கலாம். மண்ணெண்ணெய் பங்கீட்டு அட்டைக்குத்தான். இந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில், ஒருவர் ஆசைக்கு பஸ் வாங்கியிருக்கிறார்!

வீட்டுக்கு வருகிற வழியிலேயே எழுதத் தீர்மானித்துவிட்டேன். சீவரத்தினத்தாரோடு நான் கதைத்ததில்லை. பஸ்ஸை ஒருமுறை வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறேன், அதுவும் பின்பக்கத்தை மட்டும். முன்பக்கமும் மனிதர்களும் நான் போட்டவை.

2

முதலாவது ஆரம்பம்:

"மேகங்கள் தாழ்ந்து தொங்கிய ஓர் இலையுதிர்காலப் பிற்பகலில், நெடுஞ்சாலையின் வளைவில், களைத்துப்போன ஒரு பழைய—"

(நிற்க. இணுவிலில் இலையுதிர்காலம் கிடையாது. வாசிகசாலையில் இருக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களை எல்லாம் நான் வாசித்து முடித்துவிட்டேன், அதன் விளைவு இது. எங்கள் ஊரில் உதிர்வது பலாவிலை. அதையும் யாரும் பெருமூச்சோடு பார்ப்பதற்குமுன் ஆடு தின்றுவிடும்.)

இரண்டாவது ஆரம்பம்:

"உலகத்தில் இரண்டு வகையான மனிதர்கள் உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள், மற்றது—"

(எனக்கு முதலாவது வகையை மட்டுந்தான் தெரியும்.)

மூன்றாவது ஆரம்பம்:

"குணலட்சுமி மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றிவந்து அளவு பார்த்தாள்."

இது இருக்கட்டும்.

3

குணலட்சுமி சீவரத்தினத்தின் மனைவி. மாடு சினை. பழைய கொட்டிலின் கூரை போன காற்றோடு போய்விட்டது, மாரி வரப்போகிறது. வளவின் நடுவில் தகரக் கூரையும் யன்னல்களும் உள்ள ஒரு பெரிய கட்டடம் சும்மா நிற்கிறது. அவளுடைய தர்க்கத்தில் நான் எவ்வளவு தேடியும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

"உந்த சீற்றுகளைக் கழட்டினால் மாடும் கண்டும் தாராளமாய்ப் படுக்கும்."

"குணம், இது பஸ்," என்றார் சீவரத்தினம்.

"பஸ் எண்டால் ஓடவேணும். ஓடாட்டில் கொட்டில்."

"ஓடும்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை என்பது அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் குணலட்சுமி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. வெள்ளிக்கிழமை என்னைக் கொடிகாமத்திலை தங்கச்சி செல்வநாயகி வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. ஏறினால் அங்கைதான் இறங்குவன். நடுவிலை இறக்கியோ தள்ளவைச்சோ கூத்துக் காட்டினியளோ, பஸ் அண்டைக்கே மாட்டுக்கு."

(பஸ்ஸை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று எழுதப்போவதில்லை. குணலட்சுமி வாசிக்கக்கூடும்.)

4

'வாங்கினார்கள்' என்று பன்மையில் எழுதிவிட்டேன். மற்றவன் கனிசியஸ். அவனை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

முதல் பிரதியில் அவன் ஒரு மெக்கானிக். கையில் கிறீஸ், வாயில் பேச்சில்லை, எஞ்சினில் காதை வைத்தால் நோய் தெரியும். இப்படிப்பட்ட ஒருவர் எல்லாக் கதைகளிலும் வந்து எல்லாவற்றையும் சரிப்படுத்திவிட்டுப் போகிறார். நான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குருநகரிலிருந்து மீன்பிடிகாரன் ஒருவனை வரவழைத்தேன். இவனுக்கு வள்ளத்து எஞ்சின் மட்டுந்தான் தெரியும். வள்ளத்துக்கு பிறேக் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணுவில் வெங்காயத் தோட்டக்காரரான சீவரத்தினமும் குருநகர்க் கடலோடியும் எப்படிச் சேர்ந்தார்கள்? உடுப்பிட்டியில் ஒரு வளவில் அந்த பஸ் நின்றது. உள்ளே புகையிலையைக் காயப்போட்டு உணத்தியிருந்தார்கள். இருவரும் ஒரே நாளில் அதைக் கேட்டுப் போனார்கள், போட்டியாளர்களாக. ஏறி இருந்து பார்த்தார்கள். புகையிலை நெடியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வந்தது. தும்மித் தும்மிச் சிரித்துப் பங்காளிகளாக இறங்கினார்கள்.

"நான் சின்னனிலையிருந்து பஸ்ஸிலை முன் சீற்றிலை இருக்க ஆசைப்பட்டனான். ஒருநாளும் இடம் கிடைக்கேல்லை. அதுதான்," என்றார் சீவரத்தினம். "உமக்கு?"

கனிசியஸ் வேடிக்கையாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்து நான் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது இது:

"கடலுக்குப் போகவிடுறாங்கள் இல்லையண்ணை. வள்ளம் கவிட்டபடி கிடக்குது. ரண்டு வருசமாய்த் தரையிலை நடக்கிறன். தரை அசையுதில்லை. காலுக்குக் கீழை என்னவும் அசைஞ்சால்தான் எனக்குச் சரிவரும்."

இந்தப் பந்தியை இரண்டு தரம் வெட்டினேன். இது விளையாட்டுக் கதை. இரண்டு தரமும் திரும்ப எழுதினேன்.

5 (குறிப்புகள். அவசரமானவர்கள் தாண்டிப் போகலாம்.)

* பஸ் பெற்றோல் எஞ்சின். பெற்றோலுக்கு எங்கே போவது? ஊரெல்லாம் செய்வதுபோலத்தான்: சேலைன் போத்தலில் மூடியளவு பெற்றோல், குழாயால் சொட்டுச் சொட்டாக. எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு அவர்களிடம் ஒரு மூடிதான் இருந்தது. அதாவது ஒருமுறைதான் ஸ்ராட் பண்ணலாம். நின்றால் நின்றதுதான்.

* அந்த மண்ணெண்ணெயால்தான் என் ஜாம்போத்தல் விளக்கும் எரிகிறது. உருசிய நாவலில் நானூறு பக்கம் போகக்கூடிய எண்ணெயை பஸ் இணுவிலைத் தாண்டுவதற்குள் குடித்துவிடும். எனவே இந்தக் கதையைப் பகலில் மட்டும் எழுதுகிறேன். கதை வெயிலில் நடப்பதற்கும் அதுதான் காரணம்.

* இந்தக் கதையில் விமானம் வராது. வானம் என் பொறுப்பு. வாசிக்கிறவர்கள் அடிக்கடி மேலே பார்க்கவேண்டாம்.

6

மொழிபெயர்ப்பு நாவல்களில் பயணம் செய்கிறவர்கள்மேல் எனக்குப் பொறாமை. முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறுவார், போர்வையை உதறுவார், "தாங்கள் எங்கே பயணம்?" என்று கேட்பார். மற்றவர் ஊரைச் சொல்லி, பரம்பரையைச் சொல்லி, நிறைவேறாத காதலையும் சொல்லிவிடுவார். பனி பெய்துகொண்டேயிருக்கும்.

எங்களிடம் அது நடக்காது. வெளிக்கிட்டவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்டால் போன காரியம் சரிவராது. வாய்தவறி யாரும் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, ஆறுதலாக இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிடவேண்டும். தெரியத்தான் வேண்டும் என்றால் ஒரே வழி: "தூரமோ?" என்று கேட்கலாம். ஓம், இல்லை. அவ்வளவுதான்.

இப்போது ஒரு பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஆசைக்கு ஓடுகிற பஸ், ஆகவே ஊர்ப் பலகை இல்லை. நிறுத்த முடியாத பஸ், ஆகவே விளக்கம் சொல்ல நேரமில்லை. ஏறுகிற ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

(இந்த இடத்தில் நான் எழுந்து முற்றத்தில் இரண்டு தரம் குதித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, பாம்போ?" என்றார்.)

7

வெள்ளிக்கிழமை காலை கனிசியஸ் பெற்றோலைச் சொட்டவிட்டான். சீவரத்தினம் முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுற்றினார். பஸ் இருமியது, காறியது, பிடித்துக்கொண்டது. குணலட்சுமி குடையோடும் சூட்கேசோடும் முன் சீற்றில் ஏறி இருந்தாள். சீவரத்தினம் தன் ஆயுள்கால ஆசையான அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே பின்கதவில் தொங்கினார்.

கனிசியஸ் ஓட்ட, பஸ் சைக்கிள் வேகத்தில் மானிப்பாய் கைதடி வீதியில் ஏறியது. சனம் அதைக் கண்டது.

முதலில் ஓடிவந்து தொற்றியவர் மார்க்கண்டர், கையில் ஒரு மஞ்சள் பையோடு. "தம்பி, தூரமோ?"

"ஓம் ஐயா, கொஞ்சம் தூரம்," என்றார் சீவரத்தினம்.

"நல்லதாய்ப் போச்சு!" என்று ஏறிவிட்டார்.

அடுத்தது கத்தரிக்காய்ச் சாக்கோடு சிவக்கொழுந்து. "தூரமோ தம்பி?"

சனம் ஏறினால் பாரம் கூடும் என்று பயந்த சீவரத்தினம், "இல்லையக்கா, அவ்வளவு தூரமில்லை," என்றார்.

"அதுதானே!" சாக்கு முதலில் ஏறியது, அவ பிறகு.

உரும்பிராயைத் தாண்டும்போது பஸ் நிறைந்துவிட்டது. எல்லோரும் தும்மினார்கள். முன்னாலிருந்து கனிசியஸ் கத்தினான்: "பாரம் எல்லாம் வலக்கைப் பக்கம்! நாலு பேர் இடக்கைப் பக்கம் வாங்கோ, சரியுது!"

"இதென்ன தோணியே?" என்றா சிவக்கொழுந்து.

"தோணியெண்டால் நான் ஏனணை பயப்பிடுறன்!"

நாலு பேர் மாறி இருந்தார்கள். பஸ் மற்றப் பக்கம் சரிந்தது. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். கோப்பாய் நெருங்கும்போது மார்க்கண்டர் பையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தம்பி, சந்தியிலை இடக்கைப் பக்கம் திருப்பேக்கை மெல்ல. மகளின்ரை சாதகம் மடியிலை கிடக்குது. உடுப்பிட்டியிலை மாப்பிள்ளை வீட்டார் பாத்துக்கொண்டிருக்கினம்."

"இடக்கைப் பக்கமோ?" சிவக்கொழுந்து நிமிர்ந்தா. "பட்டினத்துப் பெரிய கடைச் சந்தைக்கு வலக்கைப் பக்கமெல்லே திரும்பவேணும்?"

முன் சீற்றிலிருந்து, திரும்பிப் பாராமல், குணலட்சுமி ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"நேரை."

பஸ்ஸுக்குள் தும்மல்கூட நின்றுவிட்டது. சந்தி வந்துவிட்டது. இடப்பக்கம் உடுப்பிட்டி, வலப்பக்கம் பட்டினம், நேரே கொடிகாமம். கனிசியஸ் இரண்டு வருடமாக ஒரு கடற்பயணமும் போகாதவன். எந்த நேரத்தில் எதைக் கேட்கக்கூடாது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"அக்கா," என்று கத்தினான், "எங்கை போறது?"

"கேட்டுப்போட்டான்!" என்றார் மார்க்கண்டர்.

8

கோப்பாய்ச் சந்தியின் நடுவில் ஓர் ஆலமரம் நிற்கிறது. உண்மையா என்று போய்ப் பார்க்கவேண்டாம். நேற்றுக் காலை நான் நட்டேன். நிறுத்த முடியாத பஸ்ஸுக்குச் சுற்றி வர ஏதாவது வேண்டுமல்லவா? கனிசியஸ் அதைச் சுற்றத் தொடங்கினான். இனி முடிவு.

(அ) குணலட்சுமி முறைப்படி இறங்குகிறாள், ஆறுதலாக இருந்து தண்ணீர் குடிக்கிறாள். எஞ்சின் நிற்கிறது. பெற்றோல் இல்லை. மாடுகள் பூட்டி பஸ்ஸை இழுத்து வருகிறார்கள். மார்கழியில் கடைசிச் சீற்றடியில் அழகான நாம்பன் கன்று.

இதை என் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அந்தக் குருநகர்ப் பொடியன் பிறகு என்ன செய்தவன்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

(ஆ) மார்க்கண்டர் எழுந்து, "எல்லாரும் கை உயர்த்துங்கோ, கூடின பக்கம் போவம்—"

(இல்லை. இந்த ஊரில் எது எந்தப் பக்கம் போவது என்று எங்களை யாரும் கேட்பதில்லை. கதையிலும் நம்பமாட்டார்கள்.)

(இ) மூன்றாவது சுற்றில் குணலட்சுமி யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் தியாகலிங்கத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணை, ஒரு செம்பு தண்ணி!"

"இறங்கி வாங்கோ பிள்ளை!"

"இறங்கேலாது! நீங்கள் ஓடி வாங்கோ!"

தியாகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செம்பை உயர்த்தியபடி பஸ்ஸோடு ஓடினார். அரைச் சுற்றில் பாதித் தண்ணீர் அவர் தலையில். முக்கால் சுற்றில் குணலட்சுமியின் கை செம்பை எட்டியது. பஸ் குலுங்க, மிச்சத்தில் பாதி அவளுடைய சேலையில். ஒரு மிடறு வாய்க்குள் போனது. பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள்.

குணலட்சுமி சிரித்தாள். இது நான் திட்டமிட்டதல்ல. அவளை அவ்வளவு கண்டிப்பான பெண்ணாக வளர்த்திருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னுக்குச் சரிந்தாள். எல்லோரும் ஊர்ப் பெயருக்காகக் காது கொடுத்தார்கள்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் கெதியாய்ச் சுத்தேலுமோ?"

கனிசியஸுக்கு விளங்கவில்லை. "அக்கா... அப்ப மாடு?"

"மாட்டுக்குத் தென்னங்கிடுகு வாங்கிக் கொட்டில் போடுவம். நீ சுத்து."

பின்கதவில் சீவரத்தினம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

9

இதோடு என் வேலை முடிந்தது. எந்தத் தெருவால் போவது என்பதை நீங்கள் சொல்லுங்கள். உடுப்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். கத்தரிக்காய் வாடுகிறது. செல்வநாயகி உலை வைத்துவிட்டாள். மூன்றும் நியாயம். யாரை ஏமாற்றுவது என்று தீர்மானிக்கும் துணிவு எனக்கில்லை, உங்களுக்கு இருக்கலாம். எஞ்சின் இரைகிறது, உரத்துச் சொல்லவேண்டும்.

ஆனால் இப்போது வேண்டாம். பஸ் வேகம் பிடித்திருக்கிறது. நாலு பேர் இடப்பக்கமும் நாலு பேர் வலப்பக்கமும் கேட்காமலே மாறி மாறிச் சரிகிறார்கள். கனிசியஸ் சுக்கானைப் பிடித்தபடி எழுந்து நின்று ஓட்டுகிறான், கால்களை அகட்டி வைத்து, முழங்காலைச் சற்று மடித்து. அவனாகவே திரும்பச் சீற்றில் உட்காரட்டும். அதுவரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவேண்டாம்.